முகத்துவாரத்தில் ஊறிய பீப்பாய்

கள்ளுக்கடைகளை மூடின பிறகு என் புருஷன் நாற்காலிக்குப் பூசுகிற பாலீஷைக் குடிக்க ஆரம்பித்தார். இதை மூடி மறைத்துச் சொல்கிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. அவருக்கு ராயபுரத்தில் ஒரு மரச்சாமான் பட்டறையில் வேலை. பெரிய மனிதர் வீட்டு பீரோ, கப்பலில் வரும் துரைமார்களின் மேஜை, எதுவானாலும் கண்ணாடி மாதிரி பளபளக்கச் செய்வார். அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பாலீஷ் அங்கே டின் டின்னாக இருக்கும். பட்டறை ஆட்கள் அதில் எதையோ போட்டுக் கலக்கி, அரக்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் குடித்தார்கள். சாயங்காலம் ரயிலில் இறங்கித் திருவொற்றியூர் வீட்டுக்கு வருவார். அவருக்கு முன்னால் பாலீஷ் வாசனை உள்ளே வரும்.

கள்ளுக் காலத்தில் அவரை நான் எவ்வளவு ஏசியிருக்கிறேன் என்று தெருவுக்கே தெரியும். ஒரு கலயம் குடிப்பார், ராகமில்லாமல் நாலு பாட்டுப் பாடுவார், தூங்கிவிடுவார். அதற்கே நான் குதித்தேன். மதுவிலக்கு வந்த அன்று தெருமுனை அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கற்பூரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டாம் வருஷம், பட்டறையில் அவருக்குப் பக்கத்துப் பலகையில் வேலை செய்த ஆளுக்குக் கண் போயிற்று. ஒரு ராத்திரி குடித்தான், மறுநாள் மத்தியானம் ஒன்றும் தெரியவில்லை. அவனுடைய பெண்சாதி அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்து, ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு நின்றாள். அன்றைக்கு நான் அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அந்தப் பெண் என் வயதுதான். அவள் புருஷன் மேஜை விளிம்பைத் தடவிப் பார்த்து, "இது தேக்குதானே" என்று கேட்டான். 

வீட்டுக்கு வந்ததும் என் புருஷனிடம் சண்டை போடவில்லை. சண்டை போட எனக்குத் தெம்பில்லை. எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

"உன்னால வுட முடியுமா, முடியாதா? நெசமா சொல்லுயா."

தலையைக் குனிந்துகொண்டார். "முடியலமே. கை ஒதறுது. பிரஷ் புடிக்க முடியல. அத்த ஒரு மொடக்கு குட்சாதான் நிக்குது."

"நான் வூட்டுலயே சுண்டக்கஞ்சி போட்டுக் குடுத்தா, பாலீஷ தொடாம இருப்பியா?"

நிமிர்ந்து பார்த்தார். ஆயுசில் முதல் தடவையாக என்னை ஒரு அதிசயப் பிராணியைப் போலப் பார்த்தார். "நீயா?"

"நான்தான்."

"எத்தினி நாளாவும்?"

"பத்து நாளு."

"பத்து நாளு இருந்துடறேன்" என்றார். சத்தியம் எல்லாம் செய்யவில்லை. செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நான் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவள். எங்கள் குப்பத்தில் சுண்டக்கஞ்சி போடத் தெரியாத பொம்பளை கிடையாது. அரிசியைக் குழைய வடித்து, ஆறவைத்து, பழைய கஞ்சியின் வண்டலைச் சேர்த்து மூடி வைத்தால் நாலைந்து நாளில் பொங்கிப் புளித்து ஏறிவிடும். கள்ளைவிடக் கொஞ்சம் முரடு, அவ்வளவுதான். கண்ணைப் பறிக்காது. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள், வீட்டில் சாராயக்காரியாக ஆகிறேனே என்று ஒரு பக்கம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தேக்கைத் தடவின கை என் கண்முன்னாலேயே நின்றது.

கஞ்சி போடத் தெரியும். எதில் போடுவது என்பதுதான் பிரச்சினை. பானையில் போடலாம். ஆனால் அந்த நாளில் போலீஸ் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் பானையைத்தான் தேடும். அடுத்த தெருவில் ஒருத்தி அடுப்புக்குப் பின்னால் இரண்டு பானை புதைத்து வைத்திருந்தாள். தடியால் தரையைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள், அவளுக்கு ஆறு மாசம் ஜெயில். பீப்பாய் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும் என்பதால், பாதி வீட்டு வாசலில் தண்ணீருக்குப் பழைய பீப்பாய் நிற்கும். எங்கள் வீட்டில் ஒன்று நின்றால் அது இன்னொரு தண்ணீர்ப் பீப்பாய். தவிர, ஒரு தடவை போட்டால் பத்து நாளைக்கு வரும். அவர் தினம் தினம் 'இன்றைக்கு உண்டா' என்று பதற வேண்டாம்.

தாய்வீட்டில் போட்ட பித்தளைக் குடத்தை விற்றேன். எட்டு ரூபாய் கிடைத்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போனேன்.

அங்கே சரக்கு ரயில் நிற்கும் இடத்துக்கு வெளியே ஒரு பாய், பழைய பீப்பாய்களையும் டிரம்களையும் மலையாகக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கழித்துப் போட்டது, யுத்தம் முடிந்து பட்டாளம் விட்டுப்போனது, எல்லாம் அவரிடம் வந்து சேரும். நான் ஒவ்வொன்றிலும் தலையை விட்டு மோந்து பார்த்தேன். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கி வளர்ந்தவளுக்கு வேறு வழி தெரியாது. இரும்பு டிரம்மில் கிரசின் நாற்றம். அது ஜென்மத்துக்கும் போகாது. மூன்று ரூபாய்க்கு ஒரு பீப்பாய் இருந்தது. உள்ளே தார். இன்னொன்றில் ஏதோ சாயப்பொடி வந்திருக்கிறது, விரல் நீலமாகிவிட்டது. ஆணி அடைத்து வந்த பீப்பாய்கள் பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு இளித்தன.

பாய் பீடியை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். "எதுக்கும்மா பீப்பா?"

"தண்ணி புடிச்சி வெக்க."

"தண்ணிக்கு மோந்து பாத்து வாங்கற ஆள நான் இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பாய் எழுந்துபோய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். இடுப்பளவு உயரம், கெட்டியான சீமை மரம், நாலு இரும்புப் பட்டை. கப்பலில் ரம் வந்த பீப்பாய் என்றார். தலையை விட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வெல்லப்பாகு மாதிரி ஒரு மணம் மரத்தில் இருந்தது. அப்போதே அது எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

நல்ல நிலையில் இருந்தால் பதினைந்து ரூபாய்க்குக் குறைந்து கிடைக்காது. இது வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்து பலகை சுருங்கிப்போயிருந்தது. தூக்கிப் பிடித்தால் இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தது. அதனால்தான் ஏழு ரூபாய்க்குப் படிந்தது.

"ஓட்டையப் பாத்து பயப்படாத" என்றார் பாய். "நல்ல தண்ணி ரொப்பி நாலு நாளு வெய்யி. ஒழுவ ஒழுவ ஊத்திகினே இரு. பலக உப்பி ஒட்டிக்கும். கெணத்துத் தண்ணியா பாத்து ஊத்தும்மா."

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. படகு செய்கிற ஊரில் பிறந்தவளுக்கு இவர் பலகை ஊறவைக்கச் சொல்லித்தருகிறாராக்கும் என்று நினைத்தேன். எங்கள் குப்பத்தில் வெயிலில் காய்ந்து பலகை விட்டுப்போன படகை முகத்துவாரத்துக் கழிமுகத் தண்ணீரில் மூழ்கடித்து வைப்பார்கள். மூன்று நாளில் ஒரு சொட்டு உள்ளே வராது. அதுதான் நான் கண்ட வைத்தியம். கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதற்கு எங்கள் தெருவில் கிணறு எங்கே இருக்கிறது? ஒரு குடம் குழாய்த் தண்ணீருக்கு நான்கு பேர் தலைமயிரைப் பிடித்துக்கொள்வார்கள். ஓட்டைப் பீப்பாய்க்கு இருபது குடம் ஊற்றினால் என்ன ஏது என்று தெருவே கேட்கும்.

பாய் கடைக்குப் பக்கத்திலேயே கால்வாய். விறகு இறக்கிவிட்டு எண்ணூருக்குத் திரும்புகிற படகில் பீப்பாயை ஏற்றி, நானும் ஏறிக்கொண்டேன். முகத்துவாரக்குப்பத்தில் என் அண்ணன் அதைப் பார்த்ததும் மூடியைத் திறந்து கழிமுகத் தண்ணீரை ரொப்பி, கயிறு கட்டி, படகுகளோடு படகாக முளையில் பிணைத்துவிட்டது. "நாலு நாளு கெடக்கட்டும், கல்லு மாதிரி ஆயிடும் பாரு" என்றது. அண்ணி ஒரு சொம்பில் பழைய வண்டல் தருவதாகச் சொன்னாள். நான் ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கினேன்.

அந்த நாலு நாளும் என் புருஷன் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். பட்டறையில் மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, பாலீஷ் பூசுவதை விட்டுவிட்டு உப்புத்தாள் தேய்க்கிற வேலைக்கு மாறினார். அது கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை, கூலியும் குறைவு. பதினைந்து வருஷ வேலைக்காரர் பையன்களோடு உட்கார்ந்து தேய்த்தார். ஸ்பிரிட் வாசனை அடிக்கக் கூடாது என்று மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்வாராம். ராத்திரியில் வேர்த்துக் கொட்டும், பல் கிட்டும். என் கையை அவர் பிடித்துக்கொண்ட பிடியில் மறுநாள் விரல் மடங்காது. "எத்தினி நாளு கீது?" என்று கேட்பார். நான் சொல்வேன். சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டுவார். அவருக்கு வாழ்க்கைப்பட்ட ஏழு வருஷத்தில் அவர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

ஐந்தாம் நாள் அண்ணன் வண்டியில் பீப்பாயைக் கொண்டுவந்து இறக்கியது. அண்ணன் சொன்ன மாதிரியே கல்லாகத்தான் இருந்தது. பலகைகள் ஒன்றோடொன்று இறுகி, நகம் நுழைய இடமில்லை. இரண்டு குடம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். இரண்டே இரண்டு. மூன்றாவது குடம் சமைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அரிசி அப்போது ரேஷன் அட்டைக்குத்தான். இரண்டு வாரத்துக்கு வாங்கின ரேஷன் அரிசி முழுவதையும் வடித்துப் பீப்பாயில் கொட்டினேன். நாங்கள் கேழ்வரகுக் கூழ் குடித்தோம். வண்டலைச் சேர்த்து, மூடியை அழுத்தி, மேலே கோணியைப் போர்த்தி, மூலையில் நிறுத்தினேன். வெளியே தெரிகிற மாதிரி மூடிமேல் ஒரு தண்ணீர்க் குவளையும் வைத்தேன்.

கஞ்சி பொங்க ஆரம்பித்தால் காது வைத்தால் கேட்கும். முணுமுணு என்று ஒரு சத்தம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாள் காது வைத்தேன், ஒன்றுமில்லை. மூன்றாம் நாளும் வைத்தேன். அவரும் மறுபக்கம் வந்து காதை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"இன்னா சொல்லுது?"

"இப்பதான் ஆரம்பிக்குது" என்றேன்.

அவர் வேலைக்குப் போனதும் மூடியைத் திறந்தேன். நுரை இல்லை. மேலே ஒரு வழவழப்பு, கெட்டுப்போன மீன் கழுவின தண்ணீர் மாதிரி ஒரு வாடை. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. லேசான உப்பு அல்ல, துப்பவேண்டிய உப்பு. கோணியை விலக்கி வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். பட்டைகளுக்குக் கீழே, பலகை இடுக்குகளில், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், சுரண்டச் சுரண்ட வந்தது. வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த மரம் நாலு நாளில் கழிமுகத்தையே குடித்து வைத்திருக்கிறது. படகுக்கு உப்பு ஏறினால் என்ன, யார் படகைக் குடிக்கிறார்கள்? பாய் சொன்னது காதில் கேட்டது. நான் அந்த மூலையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அழுது முடித்ததும், கொட்டிவிட்டுப் பானையில் மறுபடி போட வேண்டியதுதான், போலீஸ் வந்தால் வரட்டும், நான் ஜெயிலுக்குப் போகிறேன் என்று தீர்மானித்தேன். ஆனால் அரிசி? அட்டைக்கு அடுத்த அரிசி கிடைக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டேன், ஒரு ஆழாக்குக்கு மேல் யாரும் தரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் காலையில் எண்ணூருக்கு ஓடினேன். அண்ணி வீட்டில் தயாராக ஒரு பானை கஞ்சியாவது இருக்கும் என்று நம்பிப் போனேன். முந்தின நாள்தான் போலீஸ் குப்பத்துக்குள் புகுந்து எல்லாப் பானையையும் உடைத்துவிட்டுப் போயிருந்தது. மணலெல்லாம் கஞ்சி வாடை. அண்ணி ஓட்டாஞ்சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை விரித்தாள்.

நான் வீடு திரும்பும்போது அவர் வந்துவிட்டிருந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பட்டறைக்கு அரை நாள்தான், எனக்கு அது மறந்தே போயிற்று. பீப்பாய் திறந்திருந்தது. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் குவளையை வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கினதில் பாதி வேட்டியில் சிந்தியிருந்தது.

"இன்னா மே இது. கடல் தண்ணி மாதிரி உப்பா கீது."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். 'என் திமிரால் கெட்டது, என்னை அடி, ஆனால் இன்னும் கொஞ்ச நாள் பொறு' என்று சொல்லியிருந்தால் அவர் பொறுத்திருப்பாரோ என்னவோ. என் வாயில் வந்தது வேறு.

"ரேஷன் அரிசிதான்யா. கப்பல்ல கடத்தண்ணி பூந்து நனஞ்ச அரிசியாம். அந்தக் கடக்காரன் காய வெச்சி நம்ம தலையில கட்டிட்டான். தெருவுல எல்லாரும் சொல்றாங்க."

தெருவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அப்படி அரிசி வந்ததுண்டு என்பதால் அவர் உடனே நம்பினார். குவளையில் மிச்சமிருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குடித்த வேகத்தில் வாசலில் போய்க் கக்கினார். திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ இன்னா பண்ணுவ, பாவம். உன்னால ஆனத நீ பண்ட்ட" என்றார்.

அவர் என்னை அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டாம் என்று காலைக் கட்டிக்கொண்டேன். "உப்புத்தாள்தானேமே தேய்க்கறேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். சாயங்காலம் அந்த வாசனையோடு வந்தார்.  ஒன்பது நாள் அடக்கினதை எல்லாம் சேர்த்துக் குடித்திருக்கிறார் என்று பின்னால் மேஸ்திரி சொன்னார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே மேஸ்திரி அவரைத் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்தார்.

"எல்லாம் வெள்ளையா கீதுமே" என்றார் என் புருஷன். "சுண்ணாம்பு அடிச்சாப்ல. நீ எங்க நிக்கற?"

நான் அவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். உயிர் பிழைத்ததே பெரிசு என்றார்.

பிறகு குடிக்கவில்லை. கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை, வெளியே போக வழியில்லை, அப்படியே விட்டுப்போயிற்று. நான் துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டினேன். பட்டன்கட்டுகிற வேலையை அவர் தடவித் தடவியே கற்றுக்கொண்டார். எங்களுக்கு ஒரு பெண்ணும் பிறந்தது. அதன் முகத்தை விரலால்தான் பார்த்தார்.

ஆனால் ரேஷன் அரிசி வாங்குகிற ஒவ்வொரு முறையும் அந்தக் கடைக்காரனைச் சபிப்பார். முறத்தில் நான் அரிசியைக் கொட்டுகிற சத்தம் கேட்டதும் ஆரம்பித்துவிடுவார். "என் கஞ்சியக் கெடுத்தவன் கண்ணு அவிஞ்சி போவணும். அவன் பொண்டாட்டி கையப் புடிச்சிகினு தெருத்தெருவா அலையணும்." நான் குனிந்து கல் பொறுக்குவேன். மூன்று வருஷம் இப்படி நடந்தது. அந்தக் கடைக்காரர் தெற்கத்திக்காரர், எடை குறைத்துக்கூடப் போட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்து என்னால் அரிசி வாங்க முடியாது. பையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன்.

ஒரு நாள் அண்ணன் எண்ணூரிலிருந்து வந்திருந்தது. நான் அரிசியைக் கொட்டினேன், அவர் சபித்தார். அண்ணனுக்கு என் பொய் தெரியாது. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேசியது.

"அத்த வுடு மச்சான். நானும் எவ்ளோ பாடுபட்டு அந்தப் பீப்பாய ஊற வெச்சேன். நாலு நாளு மொகத்துவாரத் தண்ணியிலியே கெடந்துது. அப்டியும் வீணாப் போச்சி பாரு."

என் கை முறத்தில் நின்றுவிட்டது. அவர் தலையை அண்ணன் பக்கம் திருப்பினார்.

"மொகத்துவாரத்துலயா? நல்ல தண்ணியில இல்லியா?"

"நம்ம ஊருல எந்தக் கட்டய மச்சான் நல்ல தண்ணியில போட்டாங்க?"

அவர் கொஞ்ச நேரம் பட்டன் வைத்த துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் காத்திருந்தேன். எழுந்து கத்துவார், கையில் கிடைத்ததை எறிவார், எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். "மச்சானுக்கு சோறு போடுமே" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். எத்தனையோ முறை அரிசி வாங்கினேன், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முறத்தில் கொட்டினேன். ஒரு முறைகூட அவர் வாயிலிருந்து அந்தச் சாபம் வரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. எனக்காக அவர் அதை விழுங்கிவிட்டார் என்பது ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரியும். அவர் ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால், நானும் ஒரே ஒரு தடவை அவர் காலில் விழுந்து அழுதிருப்பேன்.